தும்பியில் ஏற எண்பத்தைந்து கிலோ

எர்மெஸ் கிரெத்தி முப்பத்தோரு வருடமாக எடைமேடைக்காரர். எங்கள் பள்ளத்தாக்கு சமவெளியைத் தொடும் இடத்தில் ஒரு தக்காளி ஆலை இருக்கிறது. ஆகஸ்ட் வந்தால் அதன் வாசலில் டிராக்டர்கள் அரைக் கிலோமீட்டருக்கு நிற்கும். உள்ளே போகும்போது மேடையில் ஏறி லோடு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது தக்காளி. ஊரில் நடக்கிற சண்டையில் பாதி இந்தக் கழித்தலில் பிறந்தது.

லோடு எடைக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவன் காலி எடைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். தார்ப்பாய் போகும்போது இருந்தால் வரும்போதும் இருக்க வேண்டும். எர்மெஸ் கண்ணாடிக் கூண்டிலிருந்து தலையை நீட்டி ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்பார். தன் மனைவியின் தம்பி தொரினோ ஒரு வருடம் நனைந்த தார்ப்பாயை ஆலைக்குள்ளேயே கழற்றி ஒளித்துவைத்துவிட்டுக் காலி எடைக்கு வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும், "மச்சான், நாப்பது கிலோ துணியை எங்க தின்னுட்டு வந்தே?" என்று கேட்டார். தொரினோ இரண்டு கிறிஸ்துமஸ் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

என் அப்பாவும் அந்த வரிசையில் நின்றவர்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். பார்மாவில் இயந்திரவியல் முடித்து வாங்கிய பட்டத்தை அம்மா சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறாள். வாரம் ஒருமுறை வினிகர் போட்டு அதன் கண்ணாடியைத் துடைக்கிறாள். வேறு இடத்தில் மாட்டு என்றால், நின்று வேலை செய்கிற இடத்தில் இருந்தால்தானே பார்க்க முடியும் என்கிறாள். அந்தப் பட்டம்தான் என்னைப் பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் கொண்டுவந்து சேர்த்தது. நாங்கள் ஒரே ஒரு மாதிரிக் கார் செய்கிறோம். பெயர் லிபெல்லுலா, தும்பி. பந்தய ஓட்டப் பாதைக்கு மட்டுமான கார். கதவு கிடையாது, கூரை கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. தாண்டி ஏறி உள்ளே சரிய வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரலில் எங்கள் தராசு பழுதுக்குப் போயிருந்தது. ஆலை சும்மா கிடக்கும் மாதம். தும்பியை இழுவை வண்டியில் ஏற்றி எர்மெஸின் மேடைக்குக் கொண்டுபோனேன். காரோடு ஒரு எடை, காரை இறக்கிவிட்டு ஒரு எடை. கழித்தார். கழித்ததைப் பார்த்தார். கூண்டை விட்டு வெளியே வந்தார்.

"எஞ்சினியரே, இதுல எஞ்சின் வச்சீங்களா, மறந்துட்டீங்களா?"

"இருக்கு. முதுகுக்குப் பின்னாடி."

"அறுநூத்தி நாப்பதுன்னு காட்டுது."

"அவ்வளவுதான்."

"மழை நாள்ல என் மேடையில சேறே இவ்வளவு தேறும்பா."

மூன்று முறை திரும்பத் திரும்ப எடை போட்டார். மூன்றாவது முறை, நான் கேட்காமலே, காரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்க்கிறவர் வைப்பதுபோல, சும்மா. ஏறுகிறவர்களிடம் மேற்கொண்டு என்ன இருக்கிறது என்று கேட்டே வாழ்ந்த மனிதர். மேற்கொண்டு எதுவும் இல்லாத ஒரு பொருளை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் பட்டறைக்கு வந்துவிடுவார். கார்பன் நாரால் செய்த உடல்கூட்டை இரண்டு பேர் இரு பக்கம் பிடித்துச் சும்மா தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிரேக் மிதியில் எடை குறைக்கப் போட்ட ஓட்டைகளை விரலால் எண்ணுவார். ஒரு போல்ட்டை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி, "பதினெட்டு கிராம்" என்பார். மின்தராசில் வைத்தால் பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும். முப்பது டன் பார்த்த கை அது.

"ஏன் இப்படி உருகுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "இதைவிட வேகமான கார் நம்ம பக்கத்துல எத்தனையோ இருக்கே."

"வேகம் யாருக்கு வேணும்? சக்தியைக் கூட்டி வேகமாப் போறது பெரிய விஷயமா? எருமைக்குத் தீனி போட்டா அதுவும் ஓடும். இது வேண்டாததை எல்லாம் கழிச்சுட்டு ஓடுது. கடைசி நொடி வரைக்கும் பிரேக் போடாம போகுதே, ஏன் தெரியுமா? நிறுத்துறதுக்கு அதுக்கிட்ட ஒண்ணுமே இல்ல."

கணக்குப் போட்டுத்தான் எனக்கு அது தெரியும். அவர் போடாமலே சொன்னார். அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வரானோ ஓட்டப் பாதையில் எங்கள் கார்கள் ஓடும் ஞாயிறுகளில் கம்பி வேலிக்கு வெளியே நிற்பார். பாதை இடதும் வலதுமாக நெளிகிற இடம்தான் அவர் இடம். மற்ற கார்கள் அங்கே ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறு பக்கம் சாயும். தும்பி யோசிப்பதில்லை. இடதில் இருக்கும், அடுத்த கணம் வலதில் இருக்கும். நடுவில் நடந்ததை நம் கண் தவறவிட்டிருக்கும். அது போன பிறகும் எர்மெஸ் வெறும் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே உட்கார்ந்தால் அந்த நடுக்கணம் எப்படி இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை.

கேட்காமலே கொடுத்தவர் டாக்டர் கொர்ராதி. பள்ளத்தாக்கின் மாடுகளுக்கெல்லாம் வைத்தியர். எர்மெஸ் முதன்முதல் எடைபோட்ட அதே தும்பிக்குச் சொந்தக்காரர். இந்த பிப்ரவரியில் பட்டறைக்கு வந்தவர், முதுகுத் தண்டு தேய்ந்துவிட்டது, காரை டென்மார்க்கில் ஒருவருக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். அங்கே நின்ற எர்மெஸின் முகத்தை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"கிரெத்தி, புனித யோவான் நாளன்னிக்குக் கடைசியா ஓட்டப்போறேன். பக்கத்து சீட் காலிதான். வர்றீங்களா?"

எர்மெஸின் வாய் திறந்து மூடியது.

"ஆனா ஒண்ணு. கையேட்டுல அந்த சீட்டுக்கு எண்பத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கு. நீங்க எவ்வளவு?"

"நூத்தி மூணு டாக்டர்."

"நாலு மாசம் இருக்கு" என்றார் மாட்டு வைத்தியர், ஒரு பசுவைப் பார்க்கிற பார்வையில்.

அந்த எண்பத்தைந்தைக் கையேட்டில் எழுதியது நான்தான். பக்கத்து சீட் நான்கே பிடிமானங்களில் உடல்கூட்டோடு நிற்கிறது. நான் தனியாகக் கணக்கிட்டு, என் பெயரில் கையெழுத்திட்டு அச்சுக்குப் போன முதல் எண் அது. அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டியும் இருக்கிறேன்.

பன்றித் தொடைக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன பார்மாப் பக்கத்தில் ஒருவர் பதினெட்டுக் கிலோ குறைக்கிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? காப்பிக் கடையில் எர்மெஸ் நுழைந்தால் பன்றித் தொடைத் துண்டுகளைத் தட்டோடு மறைத்து வைப்பார்கள், கண்ணில் பட்டாலே எடை ஏறும் என்று. தொரினோ தினம் ஒரு செய்தியோடு வருவான். "மச்சான், நேத்து காத்துல கிளம்பிப் போயிட்டேன்னு கேள்விப்பட்டேன், யாரு பிடிச்சாங்க?" எர்மெஸ் சிரிக்காமல் சர்க்கரை இல்லாத காப்பியைக் குடிப்பார். காலை எழுந்ததும் குளியலறையில் எடை. ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதினார்.

சிரிக்காத இன்னொரு ஆள் அவர் மனைவி லொரெத்தா. தும்பியை அவள் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவில்லாத குளியல் தொட்டி என்று சொல்லி முடித்துவிட்டாள். நான்கு மாதம் அவள் சமைத்ததை அவளே சாப்பிட்டாள். எதிரே அவர் வேகவைத்த கீரையோடு உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தாறு வருஷம் உனக்கு மாவு பிசைஞ்சிருக்கேன்" என்று ஒருநாள் என் முன்னாலேயே சொன்னாள். "ஒருநாள் எனக்காக ஒரு கரண்டி குறைச்சிருக்கியா? ஆஸ்பத்திரி டாக்டர் பத்து தடவை சொல்லிட்டார், ரத்தக் கொதிப்புன்னு. அந்தத் தொட்டி ஒரு தடவை சொன்னதும் இளைக்கிறே."

எர்மெஸ் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புனித யோவானுக்கு முந்தின மாலை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் சாப்பிடமாட்டார்கள். மேசைகளைத் தெருவில் போட்டு, கீரையும் ரிக்கோத்தாப் பாலாடையும் அடைத்த தொர்த்தெல்லி மாவுப் பொட்டலங்களை வெண்ணெயில் மூழ்கடித்து, மேலே பர்மிஜானோ பாலாடைக்கட்டியைத் துருவிக் கொட்டி, பனி இறங்கும்வரை உட்கார்ந்திருப்போம். எர்மெஸ் வெயில் சாய்ந்த அந்த நீள மேசையில் இரண்டு பீச் பழங்களோடு உட்கார்ந்திருந்தார். லொரெத்தா பரிமாறிக்கொண்டே வந்தாள். அவர் தட்டருகே அவள் கரண்டி ஒரு கணம் நின்றது. அவர் தலையை ஆட்டினார். அவள் தாண்டிப் போனாள். சட்டைக் காலர் அவர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து தொங்கியது. அன்று காலை நோட்டில் எண்பத்து நான்கு புள்ளி ஆறு.

மறுநாள் காலை பத்து மணிக்கு வரானோவில் இருந்தோம். லொரெத்தாவோடு தொரினோவும் வந்திருந்தான், கேலி செய்ய வந்தேன் என்றான், ஆனால் சலவைச் சட்டை போட்டிருந்தான். டாக்டர் தன் மகனின் தீப்பிடிக்காத உடுப்பைக் கொண்டுவந்திருந்தார். எர்மெஸ் அதை மாட்டிக்கொண்டு, காலணி, கையுறை, கழுத்துப் பட்டை, ஹெல்மெட் எல்லாம் போட்டு முடித்தபோது உள்ளே அவர் கண் மட்டும் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

எடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டாக்டர் உள்ளே சரிந்து எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். கேட்டது எர்மெஸ்தான்.

"எஞ்சினியரே, தராசு எங்க? எடை போட்டுட்டுத்தான் ஏறுவேன்."

அவருக்கு அது ஒரு பெருமை. பதினெட்டுக் கிலோவை நான்கு பேர் முன்னால் காட்ட வேண்டாமா? பட்டறையின் தட்டைத் தராசைத் தரையில் போட்டேன். ஏறினார். ஹெல்மெட்டோடு குனிந்தால் எண் தெரியாது. நான் வாசித்தேன்.

"எண்பத்தொன்பது புள்ளி ரெண்டு."

"தராசு தப்பு."

இறங்கி ஏறினார். அதே எண். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே உறைத்துவிட்டது. முப்பத்தோரு வருடம் ஒவ்வொருவனிடமும், எதோடு ஏறினாய், எதோடு இறங்கினாய் என்று கேட்ட மனிதர், நான்கு மாதம் குளியலறையில் துணியில்லாமல் எடை பார்த்திருக்கிறார். கையேட்டில் நான் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்: உடுப்பு, ஹெல்மெட் உட்பட. அவர் கையேட்டைப் பார்க்கவில்லை. டாக்டர் சொன்ன எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். உடுப்புக்குள் கைவிட்டுக் கழுத்துச் சங்கிலியை எடுத்தார். பிறகு திரும்பி நின்று மேல்வரிசைப் பல்செட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி லொரெத்தாவிடம் கொடுத்தார். ஏறினார்.

"எண்பத்தொன்பது" என்றேன்.

தொரினோ சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஏறு மச்சான். நான் எதையும் பாக்கல" என்றான்.

"பாத்தே."

"நாலு கிலோ! நாலு கிலோவுல என்னய்யா இருக்கு?"

"உன்கிட்ட நாப்பது இருந்துச்சு."

தொரினோ பின்னால் நகர்ந்தான். நான் எர்மெஸைத் தள்ளி அழைத்துப்போனேன். "இங்க பாருங்க. அந்த எண்ணை எழுதினது நான்தான். உண்மையில அந்தப் பிடிமானம் இதுக்கு ரெண்டு மடங்கு தாங்கும். சோதிச்சுப் பாத்திருக்கேன். பாதுகாப்புக்குக் குறைச்சு எழுதுறது வழக்கம். நீங்க ஏறினா ஒண்ணும் ஆகாது, சத்தியமா."

அவர் என் பக்கம் திரும்பினார். பல் இல்லாத வாய் உள்ளே ஒடுங்கி, திடீரென்று பத்து வயது கூடியிருந்தது.

"அப்ப எண்பத்தஞ்சுன்னு ஏன் எழுதினே?"

"அது... எல்லாருக்கும் பொதுவா ஒரு எல்லை வேணும்ல."

"நான் எல்லாருக்குள்ள இல்லையா?"

நான் தராசைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்கப்பன் ஒரு வருஷம் கும்பிடாத குறையாக் கேட்டான்" என்றார். "இருபது கிலோ, கண்டுக்காதேன்னு. கண்டேன். இப்ப எனக்கு மட்டும் கண்ணை மூடினா, அவன் முகத்துல எப்படிப்பா முழிப்பேன்?"

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு ஒதுக்கிய நேரம் இருபதே நிமிடம்; அதில் ஐந்து போய்விட்டது. அந்த இருபதுக்குப் பிறகு தும்பி பெட்டிக்குள் போகும், பெட்டி டென்மார்க்குக்குப் போகும். எர்மெஸ் போய்க் காரின் விளிம்பில் கை வைத்து, "நீங்க போங்க டாக்டர்" என்றார். சீட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பினார்.

"லொரெத்தா, நீ எவ்வளவு?"

"என்னது?"

"எடை."

"அம்பத்தெட்டு. எதுக்கு? ஏய், வேண்டாம். நேத்துதான் முடி சுருட்டியிருக்கேன்."

"எல்லாம் சேத்து அறுபத்து மூணு வரும். போ."

"அந்தத் தொட்டிக்குள்ளயா? எனக்குப் பைத்தியமா?"

"எனக்காகப் போ" என்றார். "எல்லாத்தையும் கவனிச்சுட்டு வந்து சொல்லு."

முப்பத்தாறு வருடத்தில் எனக்காக என்று அவர் எதையாவது கேட்டிருக்கிறாரா தெரியாது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கைக்குட்டைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். அவர் கழற்றிக் கொடுத்த உடுப்பைத் தன் பாவாடைக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டபோது கையும் காலும் ஒரு சாண் தொங்கின. தராசில் ஏறச் சொன்னார். ஏறினாள். அறுபத்து மூன்று புள்ளி ஒன்று. எர்மெஸே அவளைத் தாங்கி உள்ளே இறக்கி, பட்டைகளை இழுத்துக் கட்டினார். நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடமான கொக்கிகள்.

கார் போயிற்று. அவர் வேலிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே தரையைப் பார்த்தபடி காதால் தொடர்ந்தார். நீளமான நேர்ப்பாதையில் சத்தம் மெலிந்து உயர்ந்தது. எல்லாரும் பிரேக் போடும் இடம் தாண்டியும் உயர்ந்தது. பிறகு சட்டென்று அறுந்தது. நெளிவில் இரண்டு சின்ன உறுமல். அவர் உடம்பு ஒவ்வொரு முறையும் துளி இடதாகவும் துளி வலதாகவும் அசைந்தது. ஐந்து சுற்று. ஐந்து முறையும் அசைந்தது.

லொரெத்தா இறங்கத் தொரினோ கைகொடுத்தான். சுருட்டிய முடி பசைபோல் ஒட்டியிருந்தது.

"சொல்லு" என்றார் எர்மெஸ்.

"கண்ணை மூடிக்கிட்டேன்."

"எங்க?"

"எல்லா இடத்துலயும். கிளம்பினதுலேர்ந்து."

எர்மெஸ் அங்கேயே டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

திரும்பும்போது பட்டறை லாரி காரோடு போய்விட்டதால் நானும் அவர்களுடைய பழைய பாண்டா காரில் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் நான், ஓட்டுகிறவர் எர்மெஸ். பல்செட் வாய்க்குத் திரும்பியிருந்தது. வரானோவை விட்டு இறங்கினோம்.

"கண்ணைத்தானே மூடினே" என்றார் பிறகு, கோபமில்லாமல். "உடம்பை மூடலையே. அது என்ன சொல்லுச்சு?"

லொரெத்தா யோசித்தாள். "பிரேக் போட்டப்ப தலை முன்னாடி போச்சு. பிடரியில யாரோ ரெண்டு பர்மிஜானோ உருளையைத் தூக்கி வச்ச மாதிரி."

"ரெண்டு முழு உருளையா? எண்பது கிலோ!"

"அவ்வளவு வராது" என்றேன் நான். "அதிகபட்சம் பத்து..." இருவரும் காதில் வாங்கவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு இடம் வந்துச்சு. இடது பக்கம் அழுத்திட்டிருந்துச்சா, வலது பக்கம் அழுத்துறதுக்கு முன்னாடி, நடுவுல." அவள் நிறுத்தினாள். "அங்க நான் இல்ல எர்மெஸ்."

"இல்லன்னா?"

"எடையே இல்ல. முழங்கால் வலி, இடுப்பு வலி, நேத்து கழுவின அத்தனை தட்டு, ஒண்ணும் இல்ல. இவ்வளவு நேரம்தான்." விரலைச் சொடுக்கினாள். "ஒவ்வொரு சுத்துலயும் அதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். கடைசில அழுதேன்னு நினைக்கிறேன். காத்தாவும் இருக்கலாம்."

ஆற்றோரம் சாலை இடதும் வலதுமாக வளைகிற இடம் வந்தது. எர்மெஸ் ஸ்டியரிங்கை வழக்கத்தைவிடச் சுருக்காகத் திருப்பினார்.

"இங்கயா?"

"இல்ல."

வளைவு முடிந்ததும் வண்டியைத் திருப்பினார்.

"வீடு அந்தப் பக்கம்" என்றாள் லொரெத்தா.

"தெரியும்."

மறுபடி அதே வளைவு, கொஞ்சம் வேகமாக. லொரெத்தா கேட்காமலே கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்சம் முன்னாடியே திருப்பு... ம்ஹூம். இல்ல. கிட்டக்கூட வரல."

எர்மெஸ் சாலையோரம் நிறுத்தினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எஞ்சினியரே, நீ எவ்வளவு?"

"எண்பத்தொண்ணு."

"கொஞ்சம் இறங்கி நில்லு. ரெண்டு நிமிஷம்தான்."

இறங்கினேன். முள்வேலி ஓரம், வெயிலில் நின்றேன். பாண்டா மூன்று முறை போய் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் என்னைக் கடக்கும்போது, மூடிய கண்ணோடு, லொரெத்தா இல்லை என்று தலையை ஆட்டினாள்.